இரண்டு விளக்கு, ஒரு கோடு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், டெலவேர் ஆற்றங்கரையிலிருந்து உள்ளே தள்ளிப் புல்வெளியில் 115 அடி உயர இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஃபின்ஸ் பாயின்ட் என்று பெயர். அது ஒரு கலங்கரை விளக்கம். 1877 முதல் 1950 வரை ஃபிலடெல்ஃபியா துறைமுகத்துக்குப் போன கப்பல்கள் அதன் ஒளியைப் பார்த்து ஆற்றுக்குள் நுழைந்தன. கப்பல்களுக்கான விளக்கைக் கரையை விட்டு இவ்வளவு தூரம் ஏன் தள்ளி நட்டார்கள்? ஆற்று விளக்குகளின் நுட்பமெல்லாம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கடலோர விளக்கின் வேலை பெரும்பாலும் எச்சரிப்பது. இங்கே பாறை இருக்கிறது, இங்கே முனை இருக்கிறது, விலகிப் போ என்று அது சொல்கிறது. ஆற்றில் வரும் கப்பலுக்கு அது போதாது. டெலவேரின் நீர்ப்பரப்பு கண்ணுக்கு மிக அகலமாகத் தெரியும். ஆனால் பெரிய கப்பல் மிதக்கும் ஆழம் நடுவே தூர்வாரிய தடத்தில்தான் உண்டு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் அந்தத் தடத்தின் அகலம் 800 அடி, அதாவது சுமார் 245 மீட்டர். மேலே போகப் போக இன்னும் ஒடுங்கும். 300 மீட்டர் நீளக் கப்பல் இதற்குள் குறுக்கே திரும்பக்கூட முடியாது. கடல்முகத்திலிருந்து ஃபிலடெல்ஃபியா வரை சுமார் 160 கிலோமீட்டர் இப்படியே போக வேண்டும். இருட்டில், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடத்தின் நடுக்கோடு எது என்று யாராவது காட்ட வேண்டும்.

ஒற்றை விளக்கால் அதைக் காட்ட முடியாது. ஆற்றின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அது ஒரு புள்ளிதான். இரண்டு விளக்குகளை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் கோடு பிறந்துவிடுகிறது. தடத்தின் நடுக்கோட்டை நேரே நீட்டி, கரையோரம் தாழ்வாக ஒரு விளக்கு. அதே கோட்டில் உள்நாட்டில் உயரமாக இன்னொன்று. கப்பல் சரியான தடத்தில் இருந்தால் பின்விளக்கு முன்விளக்குக்கு நேர்மேலே தெரியும். கப்பல் வலப்புறம் நகர்ந்தால் மேலே இருக்கும் பின்விளக்கும் வலப்புறம் விலகும். இடப்புறம் நகர்ந்தால் இடப்புறம். தாழ்ந்த விளக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம் திருப்பினால் மீண்டும் கோட்டுக்கு வந்துவிடலாம். துறைமுகத்திலிருந்து கடலுக்குத் திரும்பும்போது இதே விளக்குகள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அப்போது விதியைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களுக்கு இது புதிதல்ல. கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் மலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரவைத்து, கடலடியில் ‘பார்’ எனப்படும் பாறைத்திட்டு இருக்கும் இடத்தை அவர்கள் கண்டுபிடிப்பார்கள். இரண்டு திசைகளில் அப்படி இரண்டு கோடுகள் போட்டால், அவை வெட்டுமிடம் மீன் கிடைக்குமிடம். ஆற்று விளக்குகளுக்கு ஒரு கோடே போதும்.

இனி, ஃபின்ஸ் பாயின்ட் போன்ற பின்விளக்கு ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கப்பல் முன்விளக்கிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, கோட்டை விட்டு 50 மீட்டர் விலகிவிட்டது என்று கொள்வோம். விளக்குகளுக்கிடையே 300 மீட்டர்தான் இடைவெளி என்றால், அவை விலகித் தெரியும் கோணம் ஒரு பாகையில் ஏறத்தாழ 120இல் ஒரு பங்கு. நல்ல கண்ணாலும் அதைப் பிரித்தறிய முடியாது. இடைவெளியை 3 கிலோமீட்டராக்கினால் கோணம் சுமார் 8 மடங்காகிவிடும். கப்பல் விலகிவிட்டது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். இடைவெளி கூடக் கூடக் கோடு கூர்மையாகும். ஆனால் பின்விளக்கு மேலும் உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்விளக்கின் ஒளியில் கலந்துவிடும். தள்ளியும் வேண்டும், உயரமும் வேண்டும். அதனால்தான் சதுப்புப் புல்வெளியில் 115 அடிக் கோபுரம்.

ஒளியை எல்லாத் திக்கிலும் இறைக்க வேண்டிய அவசியமும் இவற்றுக்கு இல்லை. தடம் இருக்கும் திசை ஒன்றே போதும். அதற்கேற்ற ஃப்ரெனெல் கண்ணாடிகளை வைத்து, விளக்கின் வெளிச்சத்தை அந்த ஒரு திசையில் குவித்தார்கள்.

கோபுரத்தை இரும்பில் செய்ததற்கும் காரணம் உண்டு. ஈர மண்ணில் செங்கல் கோபுரம் தன் எடையால் இறங்கிவிடும். இரும்புச் சட்டகம் இலேசானது, காற்றையும் ஊடே விட்டுவிடும். பஃபலோ நகரத்துக் கெல்லாக் பாலக் கம்பெனி ஃபின்ஸ் பாயின்ட் கோபுரத்தைப் பகுதி பகுதியாகச் செய்து ரயிலில் அனுப்பியது. அதே மாநிலத்துச் சேலம் ஊரிலிருந்து கோவேறு கழுதை வண்டிகளில் ஏற்றி வந்து பொருத்தினார்கள். பகுதி பகுதியாகச் செய்ததைப் பகுதி பகுதியாகக் கழற்றவும் முடியும். அக்கரையில் போர்ட் பென் என்ற இடத்தில் இதே வகைக் கோபுரம் ஒன்று இருந்தது. புதிய தடம் தூர்வாரப்பட்டதும் அதன் கோடு பயனற்றுப் போயிற்று. 1904இல் அதை அணைத்தார்கள். பிறகு கழற்றி வேறோரிடத்தில் நிறுத்தி, லிஸ்டன் என்ற புதிய தடத்துக்குப் பின்விளக்காக 1906இல் ஏற்றினார்கள். இந்தச் சிக்கனமும் துணிவும் எனக்கு மிகப் பிடித்தவை. கடலோர விளக்கு நிற்கும் பாறை நகர்வதில்லை; ஆற்றின் தடமோ மாறிக்கொண்டேயிருக்கும். விளக்கும் கூடவே போயாக வேண்டும்.

ஃபின்ஸ் பாயின்ட்டுக்கு அப்படி ஓர் இடமாற்றம் வாய்க்கவில்லை. அதன் முன்விளக்கு 1939இல் அகற்றப்பட்டது. தடம் அகலமானதும் 1950இல் பின்விளக்கையும் நிறுத்தினார்கள். ஊர் மக்கள் பாடுபட்டதால் கோபுரம் இடிபடாமல் தப்பியது. இன்று அது ஒரு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. ஜெர்மனியின் எல்பே ஆற்றிலும் இதே கதைதான். ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போகும் பெரிய கப்பல்கள் எதிரெதிரே கடப்பதற்காகத் தடத்தை அகலப்படுத்தியபோது, 1984ஆம் ஆண்டின் பிளாங்கனேசே விளக்குகளுக்குப் பதிலாகப் புதிய இணை ஒன்றைக் கட்டினார்கள்.

செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி வந்த பிறகும் புதிதாக விளக்குக் கட்டுவது வீண்செலவாகத் தோன்றலாம். கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோகும் பைலட்டின் இடத்திலிருந்து பாருங்கள். டெலவேரில் கடலின் ஏற்றவற்றம் ட்ரென்டன் வரை, ஃபிலடெல்ஃபியாவையும் தாண்டி, ஏறி இறங்குகிறது. குறுக்கு நீரோட்டமோ பக்கக் காற்றோ தள்ளும்போது, கப்பலின் முகம் ஒரு திசையில் இருக்கும், கப்பல் போவது வேறு திசையில் இருக்கும். திசைகாட்டி முகத்தின் திசையைத்தான் சொல்லும். இரண்டு விளக்குகளும் மேலும் கீழுமாக ஒட்டி நின்றால், முகம் எங்கே திரும்பியிருந்தாலும் கப்பல் கோட்டின்மேல் போகிறது என்று பொருள். திரையைக் குனிந்து பார்க்காமலே, சன்னல் வழியாக அதை அவர் அந்தக் கணத்திலேயே தெரிந்துகொள்கிறார்.