பழைய காரின் பிரேக்



ஓடும் வண்டியைக் கண்டு வியப்பவர்கள் அதன் எஞ்சினையே புகழ்வார்கள். அதை நிறுத்துகின்ற பிரேக்கை எவரும் நினைப்பதில்லை. ஒரு மாலைப்பொழுது வரையில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சோழவந்தானில் எங்கள் வீட்டில் பழைய அம்பாசடர் கார் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடியொற்றி, வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் உருவாகத் தொடங்கிய இவ்வகைக் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. அன்று கொடிக்கால்களை ஒட்டிய சாலையில், வெற்றிலைக் கட்டு ஏற்றிய மிதிவண்டி ஒன்று திடீரெனக் குறுக்கிட்டது. பிரேக்கை மிதித்தேன். இரும்போடு இரும்பு உரசும் ஓசையுடன் கார் ஒரு பக்கமாக இழுத்துச் சென்று, ஒரு முழ இடைவெளியில் நின்றது. அந்த ஒரு முழந்தான் ஓர் உயிரைக் காத்தது.

மறுநாள் ஊர் மெக்கானிக் பெரியவர் முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். சக்கரத்தோடு சுழல்வது டிரம் என்னும் இரும்புக் கிண்ணம். அதனுள்ளே பிறை வடிவான இரண்டு ஷூக்கள். பிரேக்கை மிதித்தால் எண்ணெயின் அழுத்தம் ஷூக்களை விரித்து, அவற்றின் மேலுள்ள லைனிங்கை டிரத்தில் உரசச் செய்கிறது. டிரம் பிரேக் முறையை 1902-இல் வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு லூயி ரெனோ. 1,100 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது எழும் வெப்பம், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். எங்கள் வண்டியின் லைனிங் ஒரு பக்கம் முற்றிலும் தேய்ந்து, ரிவிட் தலைகளே டிரத்தை உரசிக்கொண்டிருந்தன.

புது ஷூ மாட்டும் முறை எளியதே. ஆனால் வரிசை தவறலாகாது. சமதரையில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின், உறுதியான தாங்கியின்மீது இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்தல் கூடாது. அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் டிரம் கழன்று வரும். ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுங்கள்; ஐயம் வந்தால் அதுவே மாதிரி. இரு பக்கத்து ஷூக்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம் கழன்றிருக்கும்போது எவரும் பிரேக்கை மிதிக்கலாகாது. சிலிண்டரில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். லைனிங்கில் எண்ணெய்க் கை படலாகாது. சக்கரம் இலேசாக உரசும்வரை அட்ஜஸ்டரை இறுக்கி, உரசல் நீங்குமளவு மட்டும் தளர்த்துங்கள். பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே சாலைக்கு வர வேண்டும்.

இன்னும் ஒன்று. டிரத்தினுள் படிந்த கருந்தூளைப் பெரியவர் வாயால் ஊதுவார். சிறுவயதில் அருகிருந்து விளக்குப் பிடித்த நானும் ஊதியிருக்கிறேன். பழைய லைனிங்குகளில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஆகவே பழைய தூள் எதுவாயினும் ஊதாதீர்கள், தூரிகையாலும் தட்டாதீர்கள், முகத்தில் துண்டு கட்டிக்கொள்வதும் போதாது. சோப்பு நீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இதைச் சொன்னபோது பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, மறுசக்கரத்தைக் கழற்றுமுன், அவரே ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.