கட்டுக் குலையாத ஏடு

ஜெர்மனி நாட்டில் தொழில் நிமித்தம் வாழும் என் மைத்துனர் சென்ற மாதம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அங்கே ஒரு காட்சிச்சாலையில் கண்ணாடிச் சட்டத்துள் வைத்திருந்த ஒற்றை ஏட்டின் படம் அது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், கிறித்துவ மடமொன்றில் துறவிகள் கூடிநின்று இறைவனைத் துதித்த இசைப்பாட்டுப் புத்தகத்தைச் சேர்ந்ததாம். விலங்கின் தோலைப் பதப்படுத்திச் செய்த பெரிய தாள். ஒரே புத்தகத்தைப் பலர் சூழ நின்று பார்த்துப் பாடவேண்டுமாதலால், எழுத்துகளையும் இசைக்குறிகளையும் தொலைவிலிருந்தே தெரியும்படி பெரிதாக எழுதியிருக்கின்றனர். முதலெழுத்திலே பொன்தகடு ஒட்டி, நீலமும் செம்மையும் தீட்டியிருக்கின்றனர்.

"புத்தகத்தின் மற்றை ஏடுகள் எங்கே?" என்று கேட்டேன். "அது யாருக்குத் தெரியும், அத்தான்? இது ஒன்றுதான் இங்கே இருக்கிறது" என்றார்.

இதன் காரணத்தைப் பின்னர் படித்தறிந்தேன். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த சமய மாறுதலாலும், 1803ஆம் ஆண்டையொட்டி மடங்கள் பல கலைக்கப்பட்டமையாலும் இத்தகைய புத்தகங்கள் பல சிதறுண்டன. தோல் வலியது என்பதனால், புத்தகம் கட்டுவோர் பழைய ஏடுகளை அறுத்து வேறு நூல்களுக்கு அட்டையாக்கினர். பிற்காலத்து வணிகரோ, முழுப் புத்தகமாக விற்பதினும் ஏடு ஏடாக விற்பதில் ஊதியம் மிகுதி எனக் கண்டு பிரித்து விற்றனர். எஞ்சிய ஒற்றை ஏடு கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பாட்டோ பாதியில் நின்றுவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இச்செய்தியில் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். மிக நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் புகைவண்டி நிலையத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன். பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவனல்லன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

நமது நகரையடுத்த காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கையெழுத்துச் சுவடி நூலகம் உள்ளது. பல்லாயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. சித்திர ராமாயணம் என்னும் சுவடியும் அவற்றுள் ஒன்று. ஜெர்மனி ஏட்டைப் போல் அதில் பொன்னுமில்லை, வண்ணமுமில்லை. எழுதும் அதே எழுத்தாணியால், இரண்டு மூன்று விரல் அகலமுள்ள ஓலையிலே இராமகதையை உருவங்களாகக் கீறியிருக்கிறார்கள். ஓலையில் எழுதுவது எத்துணை நுட்பமான தொழில் என்பதற்கு நம் தமிழ்ச் சுவடிகளே சான்று. அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளியே இடாமல் எழுதிவந்தனர் நம் முன்னோர்.

இந்நகரில் சுவடி தேடிப் பெரும்புகழ் எய்தியவர் நம்மவர் ஒருவர். அவர் திருநெல்வேலிச் சீமையில் தருவை என்னும் ஊரிற் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 1926ஆம் ஆண்டு மறைந்த மகாமகோபாத்தியாய டி. கணபதி சாஸ்திரியார். பத்மநாபபுரத்துக்கு அருகில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த ஓலைக்கட்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் வடமொழி நாடகங்கள் பல இருந்தன. எதிலும் ஆசிரியர் பெயர் இல்லை. அவற்றுள் ஒன்று சொப்னவாசவதத்தம். அது பாசன் என்னும் பழம்புலவன் இயற்றியது எனப் பண்டைநூல்களால் தெரியவந்தது. ஏனைய நாடகங்களும் தொடக்கத்திலும் நடையிலும் அதனை ஒத்திருந்தமையால், அவையும் பாசனுடையனவே எனச் சாஸ்திரியார் துணிந்து, 1912 முதல் அச்சேற்றினார். பின்னர்க் கிடைத்தவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று நாடகங்கள் ஆயின. எல்லாம் பாசனுடையனவா என அறிஞர்கள் பின்னர் வாதிட்டதுண்டு. எனினும் ஒன்றை நாம் கருதவேண்டும். அந்தக் கட்டு ஒன்றாக இருந்தமையாலன்றோ ஒன்றோடொன்றை ஒப்பிட முடிந்தது! ஆளுக்கொரு நாடகமாகப் பிரித்துக்கொண்டு போயிருந்தால், பெயரற்ற ஏடுகளாகவே அவை கிடந்திருக்கும்.

இனி, வெட்கத்தோடு என் குடும்பத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாட்டனார் எங்கள் ஊர்க் கோவில் கொடையில் வில்லுப்பாட்டுப் பாடியவர். அவரிடம் கதைப்பாட்டு ஏடு ஒன்று இருந்தது. அவர் வில்லடித்துத் தொடங்க, குடமும் உடுக்கும் தாளமும் வைத்திருப்போர் பின்பாட்டுப் பாடுவர். அவர் காலத்துக்குப் பின் பாகப்பிரிவினை நடந்தது. வீடு, தோட்டம், பித்தளைப் பாத்திரம் எல்லாம் பிரித்த பிறகு, ஏடும் பொதுச்சொத்துத்தானே என்று கயிற்றை அவிழ்த்து, முன்பாதி எங்கள் தந்தையாருக்கும் பின்பாதி பெரியப்பாவுக்குமாகப் பிரித்தார்கள். எவரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று. இருவருக்கும் தகப்பனார் நினைவு வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து, பூச்சி அரித்த ஓலையை வீட்டில் வைத்திருத்தலாகாது என்று யாரோ சொல்ல, பெரியப்பா வீட்டார் ஆடிப் பதினெட்டில் தங்கள் பாதியைத் தாமிரபரணியில் விட்டுவிட்டனர். எங்கள் பாதி இன்று கரமனையில் என் வீட்டில் இருக்கிறது. கதைத்தலைவன் பிறந்து, வளர்ந்து, வீட்டை விட்டுப் புறப்படுகிறான். அவன் எங்கே போனான் என்பது ஆற்றோடு போயிற்று.

நிலையத்தில் நான் நாள்தோறும் பார்சல் கட்டுகளைக் காண்கிறேன். ஒரே சரக்கில் ஒரு கட்டு மட்டும் தவறிச் சீட்டும் கிழிந்துவிட்டால், அது எவருடையது என்று அறியாமல் மூலையில் கிடக்கும். பிரிந்த ஏடும் அத்தகையதே.

ஆதலால் நேயர்களை வேண்டிக்கொள்வது இது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் வீடுகளில், பரணிலோ பழைய பெட்டியிலோ ஓலைக்கட்டு இருக்கலாம். வைத்தியமோ, சோதிடமோ, கணக்கோ, பாட்டோ, எதுவாயினும் சரி. படிக்கத் தெரியாததனால் பயனற்றது என எண்ணவேண்டா. கயிற்றை அவிழ்த்துப் பங்கிடாதீர்கள். அழகாயிருக்கிறதென்று ஓர் ஏட்டை உருவிச் சட்டமிட்டு மாட்டாதீர்கள். ஒட்டிய ஏடுகளை வலிந்து பிரிக்காதீர்கள். எந்த ஊர், எவர் வீட்டு ஏடு என்பதை ஒரு தாளில் எழுதிக் கட்டோடு வையுங்கள். சுவடி நூலகத்தில் பயிற்சி பெற்றோரிடம் காட்டினால், புல்தைலம் பூசிக் காக்கும் வகையைச் சொல்வார்கள். உடன்பிறந்தோர் இருவர் உரிமை கோரினால், மூலம் ஓரிடத்தில் இருக்கட்டும். ஏடுதோறும் வரிசை மாறாமல் படமெடுத்து மற்றவர் வைத்துக்கொள்ளலாம்.

வரும் கொடைக்கு ஊருக்குச் செல்லும்போது, எங்கள் பாதியை எடுத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். பாட்டனாருடன் பின்பாட்டுப் பாடிய முதியவர் ஒருவர் அங்கே இன்னும் இருக்கிறார். முன்பாதியைப் படித்துக் காட்டினால் பின்பாதி அவர் நாவில் வரக்கூடும். வந்தவரை எழுதிக்கொண்டு திரும்புவேன்.