கணினியின் பெயர்

பெயரியலைப் பாடங்கேட்கும் மாணவராகிய யாம் கணினியின் பெயரைக் குறித்து எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பைத் தரலாம். பெயர் பிழைபட்டவிடத்து விளையும் இடர் மக்களுக்கேயன்றிப் பொறிகளுக்கும் உண்டென்பதை யாம் அண்மையிற் பட்டறிந்தோம். அவ்விடரின் காரணம் அறியாது, குற்றமற்ற ஒருவர்மீது குறையுங் கூறினோம். ஆகலின் இதனை எழுதுவது எமக்குக் கடமையுமாயிற்று.

எம் தமிழ்த்துறையிலுள்ள கணினியொன்று டெபியன் என்னும் லினக்ஸ் வகை இயக்குதளத்தால் இயங்குவது. முன்னை மாணவர் பலர் தட்டச்சிட்ட சங்க நூற் சொல்லடைவு அதன்கண் உள்ளது. சொற்களைத் தேடித்தரும் நிரல் ஜாவா மொழியில் அமைந்தது. பக்கத்து அறைக் கணினிகளிலிருந்தும் அதனை அணுகலாம். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், அக்கணினிக்கு முன்பு இடப்பட்டிருந்த சுவையற்ற பெயரை நீக்கி, நக்கீரன் எனப் பெயர் சூட்ட அவாவினோம். 'ஹோஸ்ட்நேம்' எனப்படும் இப்பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடுமன்றிப் பிற வாராவாகலின், ஆங்கில எழுத்திலேயே அதனைப் பொறித்து, கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினோம்.

அன்றுமுதல் தேடுநிரல் இயங்கவில்லை. 'அறியப்படாத ஹோஸ்ட்' என்னும் பிழைச்செய்தியே தோன்றிற்று. யாம் வலைக்கம்பியை மாற்றினோம், இணைப்புப் பெட்டியை நிறுத்தி இயக்கினோம், பயனில்லை. முடிவில், வலையமைப்பைக் காக்கும் அலுவலர் தம் கடமையில் தவறினாரென முறையீடொன்று எழுதி, மூவர் கையொப்பமிட்டுத் துறைத்தலைவரிடம் கொடுத்தோம்.

மறுநாள் அவ்வலுவலர் வந்தார். பக்கத்து அறைக் கணினியின் எண்முகவரியைக் குறித்து 'பிங்' என்னும் கட்டளையை இட்டார்; உடனே மறுமொழி வந்தது. பின்பு எம் கணினியை அதன் புதுப்பெயராலேயே அழைத்தார், மறுமொழி இல்லை. "தம்பி, வழியிலே பழுதில்லை. இந்தக் கணினிக்குத் தன் பெயர் எந்த முகவரிக்கு உரியது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

அஃதென்னையெனின், கணினியின் பெயர் ஈரிடத்து எழுதப்படுகின்றது. 'ஈ.டி.சி.' என்னும் கோப்புறையிலுள்ள 'ஹோஸ்ட்நேம்' என்னும் கோப்பு, இக்கணினியின் பெயர் இன்னது என்று மட்டும் கூறும். அக்கோப்புறையிலேயே உள்ள 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பு, இன்ன பெயர்க்கு இன்ன எண்முகவரி என்று கூறும். யாம் முன்னதை மாற்றிப் பின்னதை மறந்தோம். தேடுநிரல் எழும்போது முதற்கண் கணினியின் பெயரைக் கேட்டது. நக்கீரன் என்று விடை வந்தது. நக்கீரனின் முகவரி யாதென வினவியபோதோ, ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயரே இருந்தமையால் விடை கிடைத்திலது, நிரலும் நின்றொழிந்தது.

இந்த ஹோஸ்ட்ஸ் கோப்பு பழைமையுடையது. 1970-களில், இன்றைய இணையத்திற்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டிற் சேர்ந்த கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பிற் பதியப்பட்டன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழுவினர் அதனைப் பேணினர். ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகவே அம்முறை தாங்காதாயிற்று. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார், பெயர்களைப் பல சேவையகங்கள் பகிர்ந்து காக்கும் 'டி.என்.எஸ்.' முறையை வகுத்து வெளியிட்டார். எனினும் பழைய கோப்பின் சிறுவடிவம் ஒவ்வொரு கணினியிலும் இன்றும் உளது. பெரும்பாலும் அதனைப் பார்த்த பின்னரே கணினி வெளியே வினவும்.

அலுவலர் அக்கோப்பைத் திறந்து, 127.0.1.1 என்னும் முகவரிக்கு எதிரே இருந்த பழைய பெயரை நீக்கிப் புதுப்பெயரை எழுதினார். நிரல் எழுந்தது. ஆனால் பக்கத்து அறையிலிருந்து அணுகியபோது இணைப்பு மறுக்கப்பட்டது! இவ்விடத்து அவர் கூறிய விளக்கம் தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்குவது. 127 என்று தொடங்கும் முகவரிகள் தன்மைப் பெயர் போல்வன. 'நான்' என்பது சொல்லுவோரையே சுட்டுமாறு போல, அம்முகவரி எக்கணினியில் வழங்கினும் அக்கணினியையே சுட்டும். எம் நிரல் தன் பெயர்க்குக் கிடைத்த முகவரியிலேயே செவிசாய்ப்பதாகலின், பிறர் அழைத்தது அதற்குக் கேளாதாயிற்று. கணினிக்கு வலையமைப்பில் உரிய நிலையான முகவரியை அவர் அவ்விடத்து எழுதினார். அதன்பின் எல்லா அறைகளினின்றும் சொல்லடைவு திறந்தது.

இனி, கணினிக்குப் பெயரிடுவார் கருதத்தக்கன சில. பெயர் 63 எழுத்துக்கு மேற்படலாகாது. முதலிலும் ஈற்றிலும் இடைக்கோடு வரலாகாது. அடிக்கோடும் இடைவெளியும் எங்கும் ஆகா. ஒரு வலையமைப்பில் இரு கணினிகட்கு ஒரு பெயர் கூடாது. ஒரு கணினியின் வட்டைப் படியெடுத்து மற்றொன்றில் இடுவோர் இதனை மறவாதிருக்க. 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' என்னும் கட்டளையாற் பெயரை மாற்றுவோர், அது ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தாதென அறிந்து, அதனைத் தாமே திருத்துக. இணைப்புத் தவறினால், முதலில் எண்ணாலும் பின்பு பெயராலும் அழைத்துப் பார்க்க. எண்ணுக்கு மறுமொழி வந்து பெயர்க்கு வாராதாயின், கம்பியைத் தொடாது பெயரை ஆராய்க.

நிற்க. அலுவலர் இத்தனையும் செய்தது கால்மணி நேரத்தில். முறையீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னாரல்லர். அன்று மாலையே யாம் மூவரும் துறைத்தலைவரிடம் சென்று, பிழை எம்முடையதென எழுதிக்கொடுத்து முறையீட்டை மீட்டுக்கொண்டோம். பிறர் பிழை காட்டிய புலவரின் பெயரைக் கணினிக்கு இட்ட எமக்கு, எம் பிழையைக் காட்டியவர் அவரே. அவர்க்கு எம் நன்றி உரியதாகுக.