பத்தனைப் புற்றரையும் பெருந்தெருவும் தவளைகளும்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் தேயிலை மலைகளுக்கும் காடுகளுக்கும் இடையே காணப்படும் புல்நிலத்தைப் பத்தனை என வழங்குவர். இவற்றுள் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் அமைந்த ஹோட்டன் சமவெளி யாவரும் அறிந்ததாகும். 1988ஆம் ஆண்டிற் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இச்சமவெளியின் ஊடே பட்டிப்பொலையிலிருந்து ஒகியாவுக்குச் செல்லும் தெரு அமைந்துள்ளது.

சில அடி அகலமே கொண்ட தெருவினால் என்ன தீங்கு நேரும் என வினவுவோர் உளர். தவளைக்கு இக்கணக்குப் பொருந்தாது. அது தோலினாலும் மூச்சு விடுகின்றது. நீரையும் தோலினாலேயே உட்கொள்கின்றது. ஆகையால் வெயில் காயும் தாரைக் கடக்க அஞ்சி, மழையிரவுக்காகக் காத்திருக்கும். அவ்விரவில் ஒன்றன்றிப் பலவாய்ப் புறப்படுவதனாலேயே வாகனச் சில்லுகளுக்கு இரையாகின்றது. விளக்கொளி பட்டதும் ஓடாது அசைவற்றிருப்பதும் அதன் இயல்பாம்.

மலைநாட்டிலே நுரைக்கூடு கட்டும் மரத்தவளை ஒன்று உண்டு. குளத்தின் மேல் தொங்கும் செடியில் அது நுரையுள் முட்டையிடும்; பொரித்த வாற்பேய்கள் கீழேயுள்ள நீரில் விழுந்து வளரும். எனவே காட்டோரத்தில் வாழும் பெட்டை, நீரை நாடி வந்தேயாக வேண்டும். இடையிலே தெரு கிடப்பின் நசுங்குவது ஒரு தவளை மாத்திரமன்று. அதன் வயிற்றிலுள்ள முட்டைகள் முழுவதுமாம். இலங்கைக்கே உரிய பற்றைத் தவளைகளிற் பெரும்பாலானவை ஈரமண்ணில் முட்டையிடுவன. அவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே இல்லை. குளம் தேடிச் செல்லாவிடினும், நிழலற்ற தெருவினால் இவை இரு கூட்டமாய்ப் பிரிந்துவிடுகின்றன. சிறு கூட்டம் ஒரு வறட்சியில் அழியின், மறுபுறத்திலிருந்து வந்து அவ்விடத்தை நிரப்புவாரில்லை.

ஹோட்டன் சமவெளியிலும் யாலவிலும் வாகனங்களால் மடியும் பிராணிகளைப் பற்றி 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இந்நாட்டுக்கே உரிய தவளைகளும் ஊர்வனவும் அவற்றுள் அடங்குவதைக் காட்டிற்று.

தோட்டங்களில் தெருவினும் தெருவோரக் கானைக் கவனித்தல் வேண்டும். செங்குத்தான சீமெந்துக் கானில் விழுந்த தேரை ஏறமாட்டாது. மரத்தவளையைப் போல் ஒட்டும் விரல்கள் அதற்கில்லை. கானை மூடுக என்பது இங்கு கருத்தன்று. கானில்லா மலையில் மேல்மண் நில்லாது. இடையிடையே கற்களை அடுக்கி ஒரு பக்கத்தைச் சரிவாக்கினாற் போதும். மதகின் குழாய் வாய் நிலத்துக்கு மேலே தொங்காது மண்ணோடு மண்ணாய் இருத்தல் நன்று. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து அம்கேர்ஸ்ற் ஊரில், தவளையினத்தோடு உறவுடைய சலமந்தர்களுக்கெனவே 1987ஆம் ஆண்டில் தெருவின் கீழ்ச் சுரங்கவழி அமைத்தனர். நம் தோட்டங்களில் அத்துணைச் செலவு வேண்டியதில்லை; உள்ள மதகுகளே உதவும்.

மழையிரவிற் கொழுந்து லொறிகள் ஓடைகளை அண்டிய இடங்களில் மெதுவாகச் செல்லல் வேண்டும். ஓடைக்கரைப் புல்லைச் சில முழ அகலமாயினும் வெட்டாது விடுக. களைகொல்லியும் அங்கு தெளித்தலாகாது. கான் துப்புரவு செய்வோர் சேற்றோடு தவளையையும் வாரித் தெருவில் எறியாது, ஓடைப் பக்கத்துப் புல்லில் விடுவாராக. உரமோ மருந்தோ பட்ட கையாயின் கழுவிய பின்னரே தொடுக.