லிக்விட் கூலர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க ரூம் எவ்வளவு சூடுன்னு பாருங்க

பார்ட்ஸ் லிஸ்ட் ரெடி. ப்ராசஸர், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் முடிவாகிவிட்டது. கூலர் என்கிற வரியில் மட்டும் கை நிற்கிறது. டெல்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் என்று எங்கே போய்க் கேட்டாலும் இந்தப் பதில் வரும்: "லிக்விட் போட்டுடுங்க சார், சும்மா ஜில்லுன்னு இருக்கும்."

ஜில்லுன்னு இருக்காது. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

லிக்விட் கூலர் ஒன்றும் ஏ.சி. இல்லை. ப்ராசஸர் மேல் உட்காரும் செம்புத் தகடு வெப்பத்தை வாங்குகிறது. ஒரு சின்ன பம்ப், சூடான திரவத்தைக் குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே ஃபேன்கள் ஊதி, வெப்பத்தைக் காற்றில் கலக்கின்றன. காரில் இருக்கும் ரேடியேட்டர் கதைதான். அதனால் அந்தத் திரவம் உங்கள் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகவே முடியாது. மே மாத நாக்பூரில் உங்கள் ரூம் 38 டிகிரி என்றால், கூலரின் ஆட்டமே 38-ல்தான் தொடங்கும். குளிர்காலத்தில், 20 டிகிரி அறையில் 70 காட்டிய ப்ராசஸர், அதே வேலைக்கு இப்போது 88-ஐ ஒட்டிக் காட்டும். கூலர் கெட்டுப்போகவில்லை, ரூம்தான் மாறியிருக்கிறது. ரிவ்யூ வீடியோவில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த அறையின் வெப்பநிலையைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

மும்பை, சென்னை பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். 'உள்ளே வியர்த்துத் தண்ணி சொட்டுமா?' என்ற பயம் வேண்டாம். அறையைவிடக் குளிராத பொருளின் மேல் ஈரம் படியாது.

அதேபோல், லிக்விட் போட்டால் ரூம் சூடு குறையும் என்பதும் இல்லை. 250 வாட் ப்ராசஸரும் 300 வாட் கிராஃபிக்ஸ் கார்டும் முழு மூச்சில் ஓடினால், அரை கிலோவாட் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்த மாதிரிதான். எந்தக் கூலராக இருந்தாலும் அவ்வளவு வெப்பமும் உங்கள் ரூமுக்குள்தான் வந்து சேரும்.

அப்போ யாருக்குத் தேவை?

ப்ராசஸர் பெட்டியில் இருக்கும் வாட் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது. ஏஎம்டியின் ஏஎம்5 வகையில் 65 வாட் என்று போட்டிருக்கும் சிப், 88 வாட் வரை இழுக்கும். 170 வாட் என்றால் 230 வரை. இன்டெல் கோர் ஐ9-14900கே-வின் அடிப்படைக் கணக்கு 125 வாட், டர்போவில் 253. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்.

ரைசன் 5 7600 மாதிரி ஒன்றை வைத்து ஆபீஸ் வேலை, கோடிங், வார இறுதியில் கொஞ்சம் கேம் என்றால் லிக்விட் கூலர் வீண் செலவு. கேமர்கள் விரும்பும் ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கும், கேம் மட்டும் ஆடுவதென்றால், இரட்டை ஃபேன் வைத்த டவர் ஏர் கூலர் தாராளமாகப் போதும். 4,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். மணிக்கணக்கில் வீடியோ ரெண்டரிங், பிளெண்டர், பெரிய கோட் கம்பைல் என்று 200 வாட்டுக்கு மேல் ஓடும் சிப்புக்குத்தான் லிக்விட் தன் விலைக்கு வேலை செய்யும். கேபினெட்டுக்குள் உயரமான டவர் அடங்காத சின்ன பில்டுகளுக்கும் அது கைகொடுக்கும். அழகுக்காகத்தான் வேணும்னா அதுவும் நியாயமான ஆசைதான், கூலிங் பெயரைச் சொல்லி உங்களையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

வாங்குவது என்று முடிவான பிறகு, திரை, ஆர்ஜிபி விளக்கெல்லாம் கடைசி. ரேடியேட்டரின் பரப்புதான் முதலில். 120 மி.மீ. ஒற்றை ஃபேன் மாடலை விட்டுவிடுங்கள், நல்ல டவர் கூலரே அதைத் தோற்கடிக்கும். 280 மி.மீ. மாடலைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதில் 140 மி.மீ. ஃபேன்கள் இருப்பதால், பரப்பில் அது 240-ஐவிட 360-க்குத்தான் பக்கம். 230, 250 வாட் சிப் என்றால் 360 எடுங்கள்.

கேபினெட் ஸ்பெக்கில் '360 சப்போர்ட்' என்று இருந்தால் மட்டும் போதாது. ரேடியேட்டர் 27, ஃபேன் 25 என வழக்கமான மாடலே 52 மி.மீ. தடிமன். 38 மி.மீ. ரேடியேட்டர்களும் உண்டு. மேலே பொருத்தும்போது உயரமான ரேம் இடிக்கும். டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பம்ப் எங்கே, காற்று எங்கே

மூடிய லூப் என்றாலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். அது லூப்பின் உச்சிக்குப் போகும். உச்சியில் பம்ப் இருந்தால் கடகட சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும். எனவே ரேடியேட்டரை மேல்பக்கம் பொருத்துவது நல்லது. முன்பக்கம் வைத்தால், ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். கேபினெட்டின் தரையில் மட்டும் வைக்காதீர்கள்.

லீக் பயம் நியாயமானது. அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் முதலில் நனைவது கீழே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. ஆகவே வாரண்டி எத்தனை வருஷம் என்பதோடு, 'லீக்கானால் மற்ற பார்ட்ஸுக்கும் ஈடு தருவீங்களா, இந்தியாவில் யார் தருவாங்க?' என்று வாங்கும்முன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்த மாடலுக்கு இந்த இடத்தில்தான் கை விரிப்பார்கள். லீக் இல்லாவிட்டாலும், வருஷக்கணக்கில் குழாய் வழியாகத் திரவம் மெல்ல ஆவியாகிக் குறையும், பம்பும் தேயும். ஐந்தாறு வருஷத்தில் மாற்ற வேண்டிய பொருள் என்றே கணக்கு வையுங்கள். ஏர் கூலரில் தேய்வது ஃபேன் மட்டும்தான்.

சொந்தமாகக் குழாய் வளைத்து கஸ்டம் லூப் செய்வது தனிப் பொழுதுபோக்கு, முதல் பில்டில் வேண்டாம். செய்தே தீருவேன் என்றால், அலுமினியமும் செம்பும் ஒரே லூப்பில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியம் அரித்துவிடும்.

மாட்டி முடித்ததும் ஐந்து நிமிஷ டெஸ்ட்டைப் பார்த்துக் கொண்டாடாதீர்கள். திரவம் சூடாக நேரம் எடுக்கும், தொடக்கத்தில் எல்லாக் கூலரும் நல்ல பிள்ளைதான். சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பநிலையைப் பாருங்கள். அதையும் மதியம் 2 மணிக்கு, ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேடியேட்டர் தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.