பள்ளிக்கூடப் பையில் ஒரு துடைப்புத் துணி

டோக்கியோ நகரின் கிழக்குக் கோடியில் நிஷி கசாய் என்றொரு வட்டாரம் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கம்ப்யூட்டர் வேலைக்கென்று ஜப்பான் சென்ற இந்தியர்கள் பலர் அங்கேதான் குடியமர்ந்தார்கள். அலுவலகங்கள் நிறைந்த ஓதேமச்சிக்கு அங்கிருந்து ஒரே ரயிலில் போய்விடலாம் என்பது முக்கிய காரணம். பருப்பும் புளியும் அங்கே கடையில் கிடைக்கும். தமிழ்ப் பேச்சும் காதில் விழும்.

அப்படிப்பட்ட இடத்தில் வாழும் தமிழ்த் தாய்க்கு முதல் அதிர்ச்சி எங்கிருந்து வருகிறது தெரியுமா? பூகம்பத்திலிருந்து அல்ல, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து. ஆறு வயது நிறைந்த குழந்தைக்கு அங்கே ஏப்ரல் மாதம் பள்ளி திறக்கிறது. கொண்டுவர வேண்டிய சாமான்களின் ஜாபிதாவில் பென்சில், ரப்பர், உள்ளே அணியத் தனிச் செருப்பு இவற்றோடு, தரை துடைக்கும் துணியும் இருக்கும். பழைய துவாலையை மடித்துத் தைத்து அனுப்ப வேண்டும். ‘ஸோகின்’ என்று அதற்குப் பெயர்.

துணி யாருக்கு? பிள்ளைக்குத்தான். ஜப்பானிய ஆரம்பப் பள்ளிகளில் தினமும் கால் மணி, இருபது நிமிஷம் துப்புரவு நேரம். பிள்ளைகள் வகுப்பைப் பெருக்கி, முட்டியிட்டுத் தரையைத் துடைக்கிறார்கள். பல பள்ளிகளில் கழிப்பறையும் அவர்கள் பொறுப்பு. முறை வைத்து மாறிக்கொள்வார்கள். ஆசிரியரும் சேர்ந்து குனிந்து நிற்பதுண்டு. மத்தியானம் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு சோறு பரிமாறுவதும் பிள்ளைகளே.

‘படிக்க அனுப்பினோமா, கூட்ட அனுப்பினோமா?’ என்று நம் தாய்மாருக்குத் தோன்றினால் அதில் ஆச்சரியமில்லை. துடைப்பம் என்பது நம்மிடத்தில் வெறும் துடைப்பம் அல்லவே! அதை யார் எடுப்பது, எந்த வாசல்வரை எடுப்பது என்பதற்கெல்லாம் சாதிக் கணக்கு வைத்த தேசம் இது. 2022-ஆம் ஆண்டில்கூட ஈரோடு மாவட்டத்துப் பள்ளியொன்றில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, தலைமை ஆசிரியை கைதானார். எல்லாரும் செய்தால் பாடம். சிலரை மட்டும் செய்யச் சொன்னால் கொடுமை. ஜப்பானியரும் இதில் பரிசுத்தர் அல்லர். தோல் பதனிடுவோரையும் மாடு அறுப்போரையும் ஒதுக்கிவைத்த வழக்கம் அங்கும் இருந்தது. 1871-இல் அரசாணை போட்டு ஒழித்தார்கள். மனத்திலிருந்து ஒழிய அதற்கப்புறமும் நெடுங்காலம் பிடித்தது. ஆனாலும் இன்று அந்தத் துடைப்புத் துணி டாக்டர் பிள்ளைக்கும் டிரைவர் பிள்ளைக்கும் பொதுவாகவே இருக்கிறது.

குளியல் விஷயம் வேடிக்கையானது. நாம் காலையில் குளித்துவிட்டு வேலைக்குப் போவோம். அவர்கள் வேலை முடித்து வந்து இரவில் குளிப்பார்கள். உடம்பை வெளியே தேய்த்துக் கழுவிய பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். ஒரே தொட்டி நீரில் குடும்பம் முழுவதும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். ‘ஒருவர் குளித்த தண்ணீரிலா?’ என்று நம்மவர் முகம் சுளிப்பார்கள். காலையில் குளிக்காமல் அடுப்படிக்குப் போவதா என்பது பாட்டிமாரின் கேள்வி. சைவர் பாடு இன்னும் திண்டாட்டம். காய்கறிக் குழம்பு என்று நம்பி வாயில் வைத்தால், அதன் சாற்றுக்கே உலர்ந்த மீனைக் கொதிக்க வைத்திருப்பார்கள்!

மொய்யில் மட்டும் நம்மவர் சொந்த ஊருக்கே வந்ததுபோல் உணரலாம். அங்கும் கல்யாணத்துக்குப் பணம் உறையில் போட்டுப் பெயரெழுதிக் கொடுக்கிறார்கள். நோட்டுப் புதிதாயிருக்க வேண்டும். சிநேகிதன் கல்யாணமென்றால் முப்பதாயிரம் யென் வழக்கம். இரட்டைப்படைத் தொகை இரண்டாகப் பிரியும், தம்பதியும் பிரிவார்கள் என்று அஞ்சுகிறார்கள். நாம் நூற்றோடு ஒன்றைச் சேர்த்து நூற்றொன்றாக்குவதை நினைத்துக்கொள்ளலாம். சாவு வீட்டுக்கும் பணம் உண்டு. அதற்குப் புத்தம் புதிய நோட்டு ஆகாது. சாவை எதிர்பார்த்துத் தயாராக வைத்திருந்ததுபோல் ஆகிவிடுமாம். புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து வைப்பவர்கள், வந்த தொகையை நோட்டில் எழுதிவைத்து வருஷங்கள் கழித்துத் திருப்பிச் செய்வார்கள். ஜப்பானில் சாவு வீட்டார் நாற்பத்தொன்பது நாள் முடிந்ததுமே பாதி மதிப்புக்குப் பொருள் அனுப்பிக் கடன் தீர்த்துவிடுகிறார்கள். பாக்கி நின்றால்தான் உறவு நிற்கும் என்பது நம் கணக்கு.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் ‘இத்தே கிமாசு’ என்பதன் பொருள், ‘போய்விட்டு வருகிறேன்’. அதைக் கற்க நம் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூடப் பிடிப்பதில்லை.

கோடை விடுமுறையில் அப்படியொரு பையன் திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி வீட்டுக்கு வருகிறான் என்று வையுங்கள். சாப்பிட்டு எழுந்தவன் இலையை எடுத்துப் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த துடைப்பத்தையும் எடுத்தால் ஆச்சி என்ன சொல்வாள்?

“ஏலே, அதக் கீழ போடு! வீட்டுல பொம்பளையாளு இல்லாமயா போயிட்டு?”

“எங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும்தான் பெருக்குவோம், ஆச்சி. சாரும் பெருக்குவாரு.”

ஆச்சி மகளைப் பார்ப்பாள். மகள் பதில் சொல்ல மாட்டாள். பையன் அதற்குள் திண்ணை வரை பெருக்கி முடித்திருப்பான்.