புழுதிக் குடை

அமில மழையிலிருந்து இந்தியாவை இதுநாள்வரை காத்து வந்தது மண் தூசிதான் என்கின்றன ஆய்வுகள். தூசியை அடக்கப் பணத்தைக் கொட்டும் அரசு, கந்தகப் புகைக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது.

ஜோத்பூரில் கோடை முடிந்து பெய்யும் முதல் மழை வெள்ளைச் சட்டையில் பட்டால், காய்ந்த பிறகு காவிப் புள்ளிகள் மிஞ்சும். தார் பாலைவனத்துப் புழுதியைக் கரைத்துக்கொண்டு இறங்கும் தண்ணீர் அது. வேதியியல் கணக்கில் பார்த்தால் மிக நீர்த்த சுண்ணாம்புக் கரைசல். அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், அஸ்ஸாமில் திப்ருகர் நகருக்கு அருகிலுள்ள மோகன்பாரியில் பெய்யும் மழை கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். கறை படியாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தால் கவலைக்குரியது இந்தத் தெளிந்த மழைதான்.

இரண்டு ஊர்களிலும் மழை நீரைப் பிடித்துச் சோதிக்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. ஸ்ரீநகரிலிருந்து மினிக்காய் தீவுவரை மொத்தம் 10 நிலையங்கள். 1981 முதல் 2012 வரை இவற்றில் சேர்ந்த அளவீடுகளை அலசிய ஆய்வு ஒன்று 2017ல் வெளியானது. அதன்படி 2001-2012 காலத்தில் நாகபுரி, மோகன்பாரி, அலகாபாத், விசாகப்பட்டினம், கொடைக்கானல் ஆகிய ஐந்து இடங்களில் மழையின் சராசரி பி.எச். அளவு 4.77க்கும் 5.32க்கும் இடையே இருந்தது. அதாவது, பாதி நிலையங்களில் பெய்தது அமில மழை.

பி.எச். என்பது அமிலத்தை அளக்கும் தலைகீழ் ஏணி. 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு. மாசே படாத மழையும் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6 அளவில்தான் விழும். சோடா பாட்டிலில் இருக்கும் அதே பலவீனமான அமிலம். அதற்கும் கீழே போனால் கந்தகமோ நைட்ரஜனோ சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஐந்தைச் சுற்றி நிற்கும் இந்த எண்கள் ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1970களில் பார்த்த அளவுக்கு மோசமில்லை. அங்கே மழை 4ஐ ஒட்டிப் பெய்தது. ஆண்டுக்கு 100 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எரிக்கும் இந்தியாவில் மழை ஏன் அந்த அளவுக்குப் புளிக்கவில்லை? விடை தேட வேண்டுமானால் அமில மழை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லை தாண்டிய புகை

அமில மழை என்ற சொல்லை உலவவிட்டவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர். பஞ்சாலைப் புகை மண்டிய மான்செஸ்டரின் மழையை ஆராய்ந்து 1852ல் கட்டுரை எழுதினார். 20 ஆண்டுகள் கழித்து, 1872ல், காற்றையும் மழையையும் பற்றி ஒரு தடித்த புத்தகமே போட்டார். அதைச் சீந்துவாரில்லை. அடுத்த நூறாண்டுக்குப் புகை என்பது அந்தந்த ஊரின் தலைவலியாக மட்டுமே பார்க்கப்பட்டது.

அந்த எண்ணத்தை உடைத்தவர் ஸ்வீடனின் மண் விஞ்ஞானி ஸ்வாந்தே ஓடன். ஐரோப்பாவில் 1950களிலிருந்து மழை நீரைச் சேகரித்துவந்த நிலையங்களின் கணக்குகளை அவர் ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஆண்டுக்கு ஆண்டு அமிலப் பகுதி விரிந்துகொண்டே போனது. சொல்லும்படியாகத் தொழிற்சாலை இல்லாத ஸ்காண்டிநேவியக் காடுகளிலும் கந்தகம் இறங்கியது. பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் கிளம்பும் புகைதான் தங்கள் ஏரிகளில் விழுகிறது என்று 1967 அக்டோபரில் ஸ்வீடன் நாளிதழ் ஒன்றில் எழுதினார். ஐரோப்பிய நாடுகள் ஒன்றின்மீது ஒன்று ரசாயனப் போர் நடத்துவதாக அவர் குற்றம்சாட்டியது பெரும் பரபரப்பைக் கிளப்பியது. 1972ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் ஸ்வீடன் இதையே தன் வழக்காக வைத்தது.

வேடிக்கை என்னவென்றால், புகையை அவ்வளவு தூரம் அனுப்பிவைத்தது ஒரு வைத்தியம்தான். 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் கவ்வி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மேலை நாடுகள் கையாண்ட உபாயங்களில் ஒன்று, புகைபோக்கியை உயர்த்துவது. கனடாவின் சட்பரி நகரில் ஒரு உலோக ஆலை 1972ல் 381 மீட்டர் உயரத்துக்குப் புகைபோக்கி கட்டியது. குதுப் மினாரைப்போல ஐந்து மடங்கு உயரம். ஊர்க்காரர்களின் மூச்சு சீரானது உண்மை. ஆனால் கந்தகம் எங்கே போகும்? உயரத்தில் அடிக்கும் பலத்த காற்றில் ஏறிப் பயணம் புறப்பட்டது.

இந்தப் பயணத்தில்தான் அமிலமே உருவாகிறது. புகைபோக்கியிலிருந்து வெளிவரும்போது அது கந்தக டை ஆக்ஸைடு என்ற வாயு. அதில் ஒரு பகுதி அருகிலேயே மண்ணிலும் இலையிலும் ஒட்டிக்கொள்ளும். மீதி கந்தக அமிலமாக மாற இரண்டு வழிகள். ஒன்று, வெயிலில் பிறக்கும் ஹைட்ராக்ஸில் என்ற துடிப்பான மூலக்கூறுடன் வினைபுரிவது. இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். மற்றது, மேகத் துளிக்குள் நுழைவது. அங்கே ஹைட்ரஜன் பெராக்ஸைடு காத்திருக்கும். முடியை வெளுக்கப் பயன்படும் அதே சரக்குதான். அது கிடைத்துவிட்டால் வேலை மளமளவென்று முடிந்துவிடும். வாகனங்களும் மின் நிலையங்களும் கக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இதேபோல நைட்ரிக் அமிலமாகின்றன. மாற்றம் முடிவதற்குள் காற்று நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரம் கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே, புகைபோக்கிக்கு அடியில் கருவியை வைத்துவிட்டு இங்கே அமில மழை இல்லை என்று சொல்வது அஞ்சல் பெட்டிக்கு அருகிலேயே நின்றுகொண்டு கடிதம் வரவில்லை என்பதற்குச் சமம்.

ஓடன் சொன்னதை நம்பாதவர்களே அதிகம். எனவே பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1972ல் 11 ஐரோப்பிய நாடுகளைச் சேர்த்து ஒரு கூட்டு ஆய்வைத் தொடங்கியது. எந்த நாடு எவ்வளவு கந்தகம் விடுகிறது என்று கட்டம் கட்டமாக வரைபடம் போட்டு, காற்றோட்டக் கணக்கை அதன்மீது பொருத்தி, தரையிலும் விமானத்திலும் அளந்து சரிபார்த்தார்கள். 1977ல் முடிவு வந்தது. சில நாடுகளில் இறங்கும் கந்தகத்தில் பாதிக்கு மேல் அண்டை நாட்டுச் சரக்கு. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1979ல், ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹப்பர்ட் புரூக் காட்டில் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் குழுவினர் 1963லிருந்து மழையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்டது வேறு ஒரு விபரீதம். அமிலம் மரத்தை நேரடியாகக் கொல்வதைவிட மண்ணைத்தான் அதிகம் கொள்ளையடிக்கிறது. மரத்துக்கு வேண்டிய கால்சியத்தைக் கரைத்து ஓடைக்கு அனுப்புகிறது. மண்ணுக்குள் சாதுவாகக் கிடந்த அலுமினியத்தை விடுவிக்கிறது. அது ஏரிக்குப் போய் மீன்களின் செவுள்களில் படிந்து மூச்சை அடைக்கிறது.

வானத்தில் சுண்ணாம்பு

மேலை நாடுகள் கந்தகத்தைக் குறைத்தன. ஆனால் குறைத்த அளவுக்கு மழை தெளியவில்லை. காரணத்தை 1994ல் லார்ஸ் ஹெடின், லைக்கன்ஸ் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கந்தகம் குறைந்த அதே காலத்தில் காற்றில் இருந்த கால்சியம் போன்ற காரப் பொருள்களும் வேகமாகக் குறைந்திருந்தன. அமிலத்தை முறிக்கும் மருந்தும் நோயோடு சேர்ந்து வெளியேறிவிட்டது!

இதை வைத்துப் பார்த்தால் ஆசியாவின் வரைபடம் புரியும். சீனாவில் நிலக்கரி வடக்கிலும் தெற்கிலும் எரிந்தது. ஆனால் அமில மழை வதைத்தது பெரும்பாலும் தெற்கைத்தான். வடக்கைக் கோபி பாலைவனத் தூசி காப்பாற்றியது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்வது தார் பாலைவனமும் கங்கைச் சமவெளியின் சுண்ணாம்புச் சத்துள்ள வண்டலும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தின் எல்.டி. கேமானி குழுவினர் 1980களில் மழை நீரையும் மேக நீரையும் ஆராய்ந்து, மண் தூசியின் காரத் தன்மைதான் இங்கே அமிலத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார்கள். கந்தக வாயு தூசித் துகளின்மேல் படிந்து கால்சியம் சல்பேட் ஆகிவிடுகிறது. சுவருக்குப் பூசும் ஜிப்சம்தான் அது. யூரியா வயல்களிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் எழும் அமோனியாவும் அமிலத்தை முறிக்கிறது. ஆனால் அது இரவல் உதவி. மண்ணில் இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதையே மீண்டும் அமிலமாக்கிவிடுகின்றன.

புழுதிக் குடை எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் சங்கடம். பருவமழை நாலைந்து முறை வெளுத்து வாங்கினால் தூசி கழுவப்பட்டுவிடும். அப்புறம் பெய்வதற்குப் பாதுகாப்பு குறைவு. வடகிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காற்றில் புழுதியும் இல்லை, மண்ணில் சுண்ணாம்பும் இல்லை. சத்தீஸ்கர், ஒடிசாவின் செம்மண்ணும் அப்படித்தான் பெரும்பாலும். நாட்டின் பெரிய அனல் மின் நிலையங்கள் குவிந்திருக்கும் கோர்பாவும் தால்சேரும் இருப்பது அங்கேதான். மோகன்பாரியைச் சுற்றியுள்ள தேயிலைக்கு அமில மண் பிடிக்கும். ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. மண் மிகவும் புளித்துவிட்டால் தோட்டங்கள் டோலமைட் தூள் வாங்கித் தூவ வேண்டியிருக்கிறது.

சிம்னியை உயர்த்து

குடை கிழிவதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கின்றன. மின் நிலையங்களில் சாம்பலைப் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. சாம்பலோடு அதில் இருக்கும் கொஞ்சநஞ்சக் காரப் பொருளும் மாட்டிக்கொள்கிறது. கந்தக வாயு தப்பிவிடுகிறது. 2019ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தின் நிதியில் 64 சதவீதம் சாலைத் தூசியை ஒழிக்கவே செலவானது என்று அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024ல் கணக்கிட்டது. தூசி நுரையீரலுக்குக் கேடு, அதை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் கந்தகத்தை விட்டுவிட்டுத் தூசியை மட்டும் ஒழித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன 1994ஆம் ஆண்டு ஆய்வு ஏற்கெனவே எச்சரித்திருக்கிறது.

கந்தகமோ ஏறுமுகத்தில். நாசாவின் ஆரா செயற்கைக்கோள் தரவுகளை வைத்து மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கான் லீ குழுவினர் 2017ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2007க்குப் பிறகு சீனாவின் கந்தக டை ஆக்ஸைடு 75 சதவீதம் குறைந்தது. இந்தியாவுடையது 50 சதவீதம் கூடியது. சீனா சாதித்ததற்குப் பெரும் காரணம் எஃப்.ஜி.டி. எனப்படும் கந்தக நீக்கக் கருவி. புகையின்மீது சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்து ஜிப்சமாக்கிவிடும். ராஜஸ்தான் புழுதி வானத்தில் செய்வதை ஆலைக்குள்ளேயே செய்யும் இயந்திரம்.

இந்தியாவில் 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கந்தக வரம்பை அறிவித்து இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு மறுபடி மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில் வரம்பையே தளர்த்திவிட்டார்கள். தலைநகர்ப் பிராந்தியத்துக்கும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகளுக்கு மட்டும் கட்டாயம். மாசு மிகுந்த வேறு சில பகுதிகளில் உள்ளவை பற்றித் தனித்தனியாக முடிவெடுக்கப்படும். சுமார் 78 சதவீத ஆலைகளுக்கு விலக்கு.

அரசுத் தரப்பில் வாதங்கள் இல்லாமலில்லை. இந்திய நிலக்கரியில் கந்தகம் அரை சதவீத அளவுதான். கருவிக்கு ஆகும் செலவு மின் கட்டணத்தில் ஏறும். சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துக் கரைத்தால் கரியமில வாயு கூடும். ஆலைகளைச் சுற்றியுள்ள காற்றில் கந்தக டை ஆக்ஸைடு வரம்புக்குள்தான் இருக்கிறது. முதல் மூன்றும் யோசிக்க வேண்டியவை. நான்காவதுதான் இடிக்கிறது. ஆலைக்கு அருகில் அளப்பது புறப்படும் வாயுவை. அது சல்பேட் துகளாகவும் அமிலமாகவும் போய்ச் சேரும் இடம் வேறு மாவட்டம், வேறு மாநிலம். சில சமயம் வேறு நாடு. தெற்காசிய நாடுகள் இது பற்றி 1998ல் மாலேயில் ஒரு பிரகடனம் செய்தன. யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

ஒருமுறை நாடு உஷாரானது தாஜ்மஹாலுக்காக. பளிங்கும் சுண்ணாம்பு இனம்தானே. அமிலம் பட்டால் அதுவே ஜிப்சமாகி உதிரும். மதுரா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றிய பயம், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நிலக்கரி எரித்த 292 தொழிற்சாலைகளுக்கு எரிவாயுவுக்கு மாறு அல்லது இடம் பெயர் என்ற உத்தரவு எல்லாம் அந்தக் கதை. பளிங்கு பழுப்பாவதற்கு இப்போதைய காரணம் கரித் துகளும் தூசியும் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யும் அமெரிக்க விஞ்ஞானிகளும் பின்னர் கண்டார்கள். நினைவுச் சின்னத்துக்குக் கிடைத்த அந்த அக்கறை செம்மண் காடுகளுக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்கா 1990ல் சட்டம் போட்டு மின் நிலையங்களின் கந்தகத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிட்டது. ஹப்பர்ட் புரூக் மண்ணோ உடனே தேறவில்லை. இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் என்னவாகும் என்று பார்க்க, 1999ல் ஹெலிகாப்டரை வரவழைத்து, சுமார் 12 ஹெக்டேர் காட்டின்மீது பல டன் கால்சியம் தாதுவைத் தூவினார்கள். அதன் பிறகுதான் அந்தத் துண்டுக் காட்டின் மேப்பிள் மரங்கள் தழைத்தன.

2025 ஜூலையில் விலக்கு பெற்ற இந்திய ஆலைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. புகைபோக்கிகள் விதிப்படியான உயரம் இருக்க வேண்டும்; 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு அது 275 மீட்டர். கெடு 2029 டிசம்பர் 31.